கிராபிக்ஸ் வலிமையா, புதுமையான கன்ட்ரோலரா? நிண்டெண்டோ வீ: ஒரு நிகழ்வு ஆய்வு

2006 நவம்பர் 17 அன்று பிளேஸ்டேஷன் 3, 19 அன்று நிண்டெண்டோ வீ. இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு கன்சோல்கள் (டிவியில் இணைத்து ஆடும் விளையாட்டுக் கருவிகள்) அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. முதலாவது 499 டாலருக்கும் 599 டாலருக்கும் இரு வடிவங்களில் விற்றது, 3.2 கிகாஹெர்ட்ஸ் செல் செயலி, 256 எம்பி வீதம் இரண்டு நினைவகங்கள், 1080பி (1080 வரிகள்) வரை படம். இரண்டாவது 249.99 டாலர், 729 மெகாஹெர்ட்ஸ் செயலி, 243 மெகாஹெர்ட்ஸ் கிராபிக்ஸ் சிப், மொத்தம் 88 எம்பி நினைவகம், படம் 480பியைத் தாண்டாது. ஓராண்டு முன்பே வந்துவிட்ட எக்ஸ்பாக்ஸ் 360இலும் நினைவகம் 512 எம்பி. வீயின் சிப்கள் நிண்டெண்டோவின் முந்தைய கன்சோலான கேம்கியூப் வடிவமைப்பின் நேரடி வாரிசுகள். செயலி, கிராபிக்ஸ் இரண்டின் வேகமும் அதைவிட ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான்.

வாழ்நாள் விற்பனையில் வீ 10.16 கோடியைத் தொட்டது. பிளேஸ்டேஷன் 3 சுமார் 8.7 கோடி, எக்ஸ்பாக்ஸ் 360 சுமார் 8.4 கோடி. கேம்கியூப் விற்றதோ வெறும் 2.17 கோடி. ஏறக்குறைய அதே சிப்களை வைத்துக்கொண்டு, கையில் பிடிக்கும் பொருளை மட்டும் மாற்றி, நிண்டெண்டோ கிட்டத்தட்ட ஐந்து மடங்கு விற்றது. “கன்ட்ரோலர்தான் முக்கியம்” என்று வாதிடுபவர்கள் எடுத்துவைக்கும் முதல் சான்று இது.

அந்தச் சான்றை ஆண்டுவாரியாகப் பிரித்தால் வேறு படம் தெரிகிறது. 2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் வீ 2.59 கோடி விற்றது. அடுத்த ஆண்டு 2.05 கோடி, அதற்கடுத்து 1.5 கோடி, பிறகு 98 லட்சம். விலை குறைத்தும் சரிவு நிற்கவில்லை. ஏறியதற்கும் இறங்கியதற்கும் காரணம் அந்தக் கன்ட்ரோலருக்குள்ளும் அந்த 88 எம்பிக்குள்ளும் இருக்கிறது. இரண்டையும் திறந்து பார்க்கிறோம்.

ரிமோட்டுக்குள் இரண்டு உணரிகள்

வீயின் கன்ட்ரோலரான வீ ரிமோட்டின் உள்ளே இரண்டு தனித்தனி உணரிகள் உண்டு. ஒன்று அனலாக் டிவைசஸ் தயாரித்த ஏடிஎக்ஸ்எல்330 என்ற மூவச்சு முடுக்கமானி. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் மூன்று மடங்கு வரை இரு திசையிலும் அளக்கும். மற்றது முனையில் கறுப்பு பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கும் பிக்ஸ்ஆர்ட் அகச்சிவப்புக் கேமரா. அதன் உண்மையான சென்சார் 128க்கு 96 புள்ளிதான். உள்ளேயே கணக்குப் போட்டு 1024க்கு 768 அளவு நுணுக்கத்தில், அதிகபட்சம் நான்கு ஒளிப்புள்ளிகளின் இடத்தை விநாடிக்கு 100 முறை சொல்லும். டிவியின் மேல் வைக்கும் ‘சென்சார் பார்’ பெயரளவில்தான் சென்சார். அதில் எதையும் உணரும் பாகமே கிடையாது. சுமார் 20 செ.மீ. அகலத்தில், இரு முனைகளிலும் அகச்சிவப்பு எல்இடிகள், அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க ஒரு ஒயர். அதனால்தான் பார் பழுதானால், அதே இடைவெளியில் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தாலும், ரிமோட் நோக்கும் இடத்தைத் திரையில் காட்டும் சுட்டி வேலை செய்கிறது. அதே காரணத்தால்தான் டிவிக்குப் பின்னால் வெயில் அடிக்கும் சன்னலோ, பளபளப்பான மேசையில் எல்இடியின் பிரதிபலிப்போ இருந்தால் சுட்டி துள்ளுகிறது: கேமராவுக்கு மூன்றாவது, நான்காவது புள்ளியும் தெரிகிறது; எந்த இரண்டை நம்புவது என்று அது தடுமாறுகிறது. சன்னலைத் திரையிட்டு மறைப்பதும், டிவியிலிருந்து 1 மீட்டர் முதல் 2.5 மீட்டருக்குள் நிற்பதும் போதும். பெரும்பாலான புகார்கள் அதோடு தீர்ந்துவிடும்.

இந்த இரண்டு உணரிகளுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. கேமரா சொல்வது இடம். இரண்டு புள்ளிகள் படத்தில் எங்கே விழுகின்றன என்பதிலிருந்து ரிமோட் எங்கே நோக்குகிறது என்றும், புள்ளிகளின் இடைவெளியிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்றும் கணக்கிடலாம். முடுக்கமானி இடத்தைச் சொல்லாது. அசையாமல் பிடித்தால் புவியீர்ப்பை வைத்து முன்பின் சாய்வையும் பக்கச் சாய்வையும் சொல்லும். இடவலமாகத் திருப்பினால் புவியீர்ப்பின் திசை மாறாததால் அதற்கு ஒன்றும் தெரியாது. வீசினாலோ, புவியீர்ப்பும் வீச்சின் விசையும் ஒரே எண்ணில் கலந்துவிடும். முடுக்கத்தை இரண்டு முறை தொகையிட்டு இடத்தைக் கண்டுபிடிக்கலாமே என்றால், சிறு பிழைகூட நேரத்தின் வர்க்கத்தில் பெருகி ஓரிரு விநாடிக்குள் விடை எங்கோ போய்விடும். ‘கையை ஆட்டினால் கத்தி ஆடும்’ என்று விளம்பரம் சொன்னதைச் செய்ய அந்தச் சிப்பால் முடியாது.

வீ ஸ்போர்ட்ஸ் என்ற ஐந்து ஆட்டத் தொகுப்பை வடிவமைத்தவர்கள் இதைத் துல்லியமாக அறிந்திருந்தார்கள் என்பது அந்த விளையாட்டிலேயே தெரிகிறது. டென்னிஸில் ஆட்டக்காரர் தானாகவே பந்தை நோக்கி ஓடுகிறார். நம்மிடம் கேட்பது வீசும் நேரம் மட்டும். சற்று முன்னால் வீசினால் பந்து ஒரு பக்கம், சற்றுப் பிந்தினால் மறுபக்கம். முடுக்கமானி நன்றாகச் சொல்லக்கூடியது ‘இப்போது வீச்சு நடந்தது’ என்பதைத்தான். ஆட்டமும் அதை மட்டுமே கேட்டது. பௌலிங்கில் பொத்தானை அழுத்திப் பிடித்து, கையை வீசி, விடும் கணத்தில் பந்து போகிறது. விடும் கணத்தைப் பொத்தான் சொல்கிறது, பந்தின் சுழற்சியை மணிக்கட்டின் பக்கச் சாய்வு சொல்கிறது. ஐந்து ஆட்டங்களில் பௌலிங் அவ்வளவு இயல்பாக அமைந்ததற்குக் காரணம் இதுவே. குத்துச்சண்டை பிசகியதற்கும் இதே காரணம்: இரு கைகளின் முன்னோக்கிய குத்தையும், தடுக்க உயர்த்தும் அசைவையும் பிரித்தறிய வேண்டும், இடம் தெரியாத உணரியால் அது ஆகாது. குத்துகள் தொலைந்துபோகும், கேட்காத குத்து விழும்.

ஒரே ஆட்டம், இரண்டு கன்ட்ரோலர்

கிராபிக்ஸ், கன்ட்ரோலர் என்ற இரண்டில் ஒன்றை அசையாமல் நிறுத்தி மற்றதை மட்டும் மாற்றிப் பார்க்கும் வாய்ப்பு இந்தத் துறையில் அபூர்வம். 2006 இறுதியில் அது தற்செயலாக அமைந்தது. நிண்டெண்டோவின் ஜெல்டா சாகச ஆட்ட வரிசையின் ட்வைலைட் பிரின்சஸ் நவம்பரில் வீயிலும், டிசம்பரில் கேம்கியூபிலும் வெளியானது. வீ வடிவத்தில் அகலத்திரை உண்டு. மற்றபடி படங்களில் சொல்லிக்கொள்ளும் வேறுபாடு இல்லை. நாயகன் லிங்க் கேம்கியூப் வடிவத்தில் இடக்கையன். பெரும்பாலோர் ரிமோட்டை வலக்கையில் பிடிப்பார்கள் என்பதால், வீயில் அவன் கத்தி வலக்கையில் இருப்பதற்காக உலகம் முழுவதையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போட்டார்கள். கிழக்கே இருந்த ஊர் மேற்கே போனது.

இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பார்த்தால் லாப நட்டக் கணக்கு தெளிவாகிறது. வில்லைக் குறிபார்ப்பதில் வீ எளிதாக வெல்கிறது: திரையில் எங்கே எய்ய வேண்டுமோ அங்கே நேராகச் சுட்டலாம், கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் குச்சியைத் தள்ளிக் குறி நகரும்வரை காத்திருக்க வேண்டாம். கத்தியில் வீ தோற்கிறது. கேம்கியூபில் பி பொத்தானை அழுத்தியதும் வெட்டு தொடங்கும். வீயில் ரிமோட்டை உதற வேண்டும். உதறல்தான் என்று உறுதிசெய்ய முடுக்கம் ஓர் எல்லையைத் தாண்டும்வரை நிரல் காத்திருந்தாக வேண்டும். எல்லையைத் தாழ்த்தினால் கை லேசாக அசைந்தாலே வெட்டு விழும், உயர்த்தினால் தாமதம் கூடும். தப்பிக்க வழியே இல்லாத பேரம் இது. மூன்றாவது நட்டம் பலர் கவனிக்காதது: கேம்கியூப் கன்ட்ரோலரில் இரண்டாவது குச்சி உண்டு, அதனால் காட்சியை விரும்பியபடி சுற்றிப் பார்க்கலாம், ரிமோட்டும், மறு கையில் பிடிக்கும் அதன் இணைப்பான நன்சக்கும் சேர்ந்தாலும் குச்சி ஒன்றுதான்.

ரெசிடென்ட் ஈவில் 4 இதே முடிவை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. 2005இல் கேம்கியூபில் வந்த அந்த ஆட்டம் 2007இல் வீக்கு வந்தது. படம் பெரிதாக மாறவில்லை. குறிபார்ப்பது மட்டும் சுட்டிக்கு மாறியது. ஆட்டமே எளிதாகிவிட்டது என்று சொல்லும் அளவுக்கு அது பொருந்தியது.

ஆக, வீயின் புதுமை என்று ஊரே பேசியது முடுக்கமானியை. ஆழமான ஆட்டங்களில் உண்மையாக உழைத்தது கேமரா. விளையாட்டு நிறுவனங்கள் பலவும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டன. ஏற்கெனவே பொத்தானில் நன்றாக இயங்கிய செயல்களை எடுத்து உதறலுக்கு மாற்றினார்கள். வந்து குவிந்த அலுப்பூட்டும் ஆட்டங்களுக்கு அதுவே வேர்.

2009 ஜூனில் மோஷன்பிளஸ் என்ற இணைப்பு வந்தது. அதில் ஜைரோ உண்டு: சுழலும் வேகத்தை நேரடியாக அளக்கும், முடுக்கமானிக்குத் தெரியாத இடவலத் திருப்பமும் அகப்படும். ஆனால் விற்பனையின் உச்சம் அந்த மார்ச்சிலேயே கடந்துவிட்டது. கோடிக்கணக்கான ரிமோட்டுகளில் அது இல்லை. எல்லாரிடமும் இல்லாத பாகத்தை நம்பிப் பெரிய ஆட்டம் எழுதப் பலரும் தயங்குவார்கள். அதை மையமாக வைத்த ஜெல்டா ஆட்டமான ஸ்கைவர்ட் ஸ்வோர்ட் 2011 நவம்பரில்தான் வந்தது. அதில் சுட்டுவதையும் கேமராவிடமிருந்து ஜைரோவுக்கு மாற்றியதால், ஜைரோவின் நகர்வுப் பிழை சேர்ந்து சுட்டி மெல்ல மெல்ல ஒதுங்கும். ஆடிக்கொண்டே இருப்பவர் அடிக்கடி ஒரு பொத்தானை அழுத்தி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கேமராவுக்கு இந்த நோய் கிடையாது.

88 எம்பி எதைத் தடுத்தது

கிராபிக்ஸ் குறைவு என்றால் மங்கலான படம் என்று மட்டும் எண்ணுவது தவறு. எக்ஸ்பாக்ஸ் 360உம் பிளேஸ்டேஷன் 3உம் நிரலிடக்கூடிய ஷேடர்களை (ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்களை) கொண்டிருந்தன. வீயின் சிப்பில் இருந்தது கேம்கியூப் காலத்து டெவ் என்ற, 16 கட்டங்களை அடுக்கி அமைக்கும் பழைய முறை. ஆகவே மற்ற இரண்டுக்கும் எழுதிய ஆட்டத்தைத் தரத்தைக் குறைத்து வீயில் இறக்கிவிட முடியாது. ஒளி, நிழல், பொருட்களின் மேற்பரப்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் அந்தச் செலவுக்குத் துணியவில்லை.

துணிந்த இடத்தில் என்ன ஆனது என்பதற்கு டெட் ரைசிங் நல்ல எடுத்துக்காட்டு. 2006இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்தபோது அந்த ஆட்டத்தின் உயிரே கூட்டம்தான்: வணிக வளாகத்தில் நூற்றுக்கணக்கான நடைபிணங்கள் ஒரே நேரத்தில் திரையில் நெருக்கும், அந்த நெரிசலில் வழி தேடுவதே சவால். 2009இல் வீ வடிவத்தில் கூட்டம் வெகுவாகச் சுருங்கியது. கூட்டம் சுருங்கியதும் வழி தேட வேண்டிய தேவையே போய்விட்டது. சுட்டியால் சுடும் ஆட்டமாக அது மாறியது. இங்கே கிராபிக்ஸ் வலிமை அலங்காரமாக இல்லை, ஆட்டத்தின் விதியாகவே இருந்தது. எத்தனை எதிரிகள், எவ்வளவு தூரம் தெரியும், எது உடையும் என்பதெல்லாம் சிப்பின் வலிமையில் அடங்கியவை. எந்தக் கன்ட்ரோலராலும் அவற்றை ஈடுசெய்ய முடியாது.

இதே ஆண்டுகளில் வீடுகளில் எச்டி டிவிகள் பரவின. 480பி படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வேலை டிவியின் மேல் விழுந்தது. படம் குழைந்தது மட்டுமல்ல; பல டிவிகளில் அந்தச் செயலாக்கமே தாமதத்தைக் கூட்டியது. கையசைவை நம்பி விற்ற கன்சோலுக்கு இது இரட்டை அடி.

இரண்டும் சந்திக்கும் இடம்: நேரம்

பொத்தானை அழுத்தியதிலிருந்து திரையில் மாற்றம் தெரியும்வரை பல படிகள் உண்டு. கன்ட்ரோலர் செய்தி அனுப்புகிறது: சில மில்லிவிநாடி. ஆட்டம் அடுத்த ஃபிரேமின் (திரையில் வரும் ஒரு தனிப் படத்தின்) தொடக்கத்தில் அதைப் படிக்கிறது, ஒரு ஃபிரேமில் கணக்குப் போடுகிறது, அடுத்ததில் கிராபிக்ஸ் சிப் வரைகிறது, அதற்கடுத்ததில் படம் டிவிக்குப் போகிறது. மொத்தம் மூன்று, நான்கு ஃபிரேம். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 33.3 மில்லிவிநாடி; நான்குக்கு 133. 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 16.7, நான்குக்கு 67. கன்ட்ரோலரில் ஒரு திருகைக்கூடத் தொடாமல், கிராபிக்ஸ் வலிமையை மட்டும் வைத்தே தாமதம் பாதியாகிறது. எங்கள் பார்வையில், கிராபிக்ஸ் வலிமையின் மிகப் பெரிய பயன் இதுதான். அதை 4கே படத்துக்கே முழுதாகச் செலவழித்து 30 ஃபிரேமில் நிற்பது, கைக்குச் சேர வேண்டியதைக் கண்ணுக்குக் கொடுத்துவிடுவது.

எதிர்த்திசையிலும் இதே கணக்கு ஓடுகிறது: கன்ட்ரோலர் கிராபிக்ஸ் வலிமையைத் தின்னலாம். 2010 நவம்பரில் வந்த கினெக்ட், அதாவது உடலசைவையே கன்ட்ரோலராக்கும் எக்ஸ்பாக்ஸ் 360இன் கேமரா, முதல் 60 நாட்களில் 80 லட்சம் விற்றது. அதன் ஆழக் கேமரா விநாடிக்கு 30 படம் எடுக்கிறது. ஆக, எதுவும் தொடங்கும் முன்பே 33 மில்லிவிநாடி வரை போய்விடுகிறது. அதன் மேல் உடலின் மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் கணக்கை எக்ஸ்பாக்ஸின் சொந்தச் சிப்களே செய்ய வேண்டும். நடனத்தில் அசைவு முன்கூட்டியே தெரிந்திருப்பதால் தாமதம் உறுத்தாது. அங்கே கினெக்ட் சிறந்து விளங்கியது. ‘முன்னே நட’ என்று சொல்லவோ வழியில்லை: அறையில் நடந்தால் டிவியில் முட்டிக்கொள்வோம்.

2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கினெக்டோடு சேர்த்து 499 டாலருக்கு வந்தது. கிராபிக்ஸ் திறன் 1.31 டெராஃபிளாப்ஸ் (விநாடிக்கு 1.31 லட்சம் கோடி கணக்குகள்). பிளேஸ்டேஷன் 4 அது இல்லாமல் 399 டாலர், 1.84 டெராஃபிளாப்ஸ். அந்த 1.31இலும் பத்தில் ஒரு பங்கு கினெக்டுக்கும் கன்சோலின் பிற பணிகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. 2014 ஜூனில் கினெக்டைக் கழற்றி விலையை 399 ஆக்கினார்கள், ஒதுக்கியிருந்த பங்கையும் ஆட்டங்களுக்குத் திறந்துவிட்டார்கள். முதல் ஆண்டின் ஓட்டம் அதற்குள் கையை விட்டுப் போயிருந்தது. வீக்குப் பின் 2012இல் நிண்டெண்டோ கொண்டுவந்த வீ யூ வேறு வகையில் சறுக்கியது. கன்ட்ரோலரிலேயே 6.2 அங்குலத் திரையை வைத்தார்கள், ஆனால் அந்தத் திரை இல்லாவிட்டால் நடக்கவே நடக்காது என்று சொல்லத்தக்க செயல் மிகச் சில ஆட்டங்களில்தான் இருந்தது. கண் டிவிக்கும் கைக்கும் மாறி மாறி அலைந்தது. மொத்த விற்பனை 1.36 கோடி.

நிண்டெண்டோவின் 2017ஆம் ஆண்டுக் கன்சோலான ஸ்விட்ச் இந்தப் பாடங்களையெல்லாம் உள்வாங்கியது. கிராபிக்ஸ் வலிமை குறைவுதான், ஆனால் டெக்ரா எக்ஸ்1 சிப் நவீன ஷேடர்களைக் கொண்டது, நினைவகம் 4 ஜிபி. அதனால் மற்ற கன்சோல்களின் ஆட்டங்களைச் சுருக்கியாவது கொண்டுவர முடிந்தது. டூம் என்ற துப்பாக்கி ஆட்டம் அந்த நவம்பரிலேயே ஸ்விட்ச்சுக்கு வந்தது: மற்றவற்றில் 60 ஃபிரேம், இதில் 30. சில மாதங்களில் வந்த புதுப்பிப்பு ஜைரோவால் குறிபார்க்கும் வசதியைச் சேர்த்தது. பெரிய திருப்பத்துக்குக் குச்சி, கடைசி ஓரிரு பாகை நுணுக்கத்துக்கு மணிக்கட்டு. இந்தக் கூட்டணியில் ஜைரோவின் நகர்வுப் பிழை தெரிவதே இல்லை, ஏனென்றால் குச்சி அதை ஒவ்வொரு கணமும் திருத்திக்கொண்டே இருக்கிறது. இருந்தும் சுட்டி தானாக ஊர்ந்தால், கன்ட்ரோலரைத் தட்டையான மேசையில் வைத்து, கையை எடுத்துவிட்டு, அமைப்புகளில் ஜைரோவை மறுசீரமைக்க வேண்டும். கையில் பிடித்தபடி செய்தால் கையின் நடுக்கமே ‘அசைவின்மை’ என்று பதிவாகிவிடும்.

குச்சி ஊர்வது வேறு நோய். வழக்கமான குச்சிகளில் கரிப் படலத்தின் மேல் ஒரு தொடுமுனை உரசுகிறது. படலம் தேயத் தேய நடுநிலை எண் விலகும். மென்பொருளில் நடுவே ஒரு செயலற்ற வட்டத்தை விட்டு அதை மறைப்பார்கள். கன்ட்ரோலரைக் கணினி படிப்பதற்கான மைக்ரோசாஃப்டின் எக்ஸ்இன்புட் முறையில் இடக் குச்சிக்குப் பரிந்துரைக்கும் அளவு 32767இல் 7849, அதாவது கிட்டத்தட்ட கால் பங்கு. அந்தக் கால் பங்கில்தான் நுணுக்கமான குறிபார்ப்பு நடக்க வேண்டும்! காந்தத்தை வைத்து உரசலின்றி அளக்கும் ஹால் உணரிக் குச்சிகள் தேயமாட்டா. சேகாவின் பழைய கன்சோலான ட்ரீம்காஸ்டின் கன்ட்ரோலரிலேயே அவை இருந்தன. இத்தனை காலத்துக்குப் பிறகும் எல்லாக் கன்சோல்களும் அதற்கு மாறவில்லை என்பது எங்களுக்கு வருத்தமே.

உங்கள் கன்சோலில் அளந்து பார்க்க

இந்தக் கேள்வியை வீட்டிலேயே மில்லிவிநாடிகளாகப் பிரிக்கலாம். விநாடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசி போதும். ஒவ்வொரு படமும் 4.17 மில்லிவிநாடி. கைபேசியை அசையாமல் நிறுத்தி, கட்டைவிரலும் திரையும் ஒரே சட்டத்தில் விழும்படி வையுங்கள். துப்பாக்கிச் சூடு, குதித்தல் என உடனே தெரியும் ஒரு செயலைத் தேர்ந்து, இருபது முறை பொத்தானைத் தட்டிப் பதிவுசெய்யுங்கள். பிறகு படம் படமாக நகர்த்தி, பொத்தான் அடியைத் தொட்ட படத்திலிருந்து திரை மாறிய படம் வரை எண்ணி, 4.17ஆல் பெருக்குங்கள். ஒன்றிரண்டை வைத்து முடிவுசெய்ய வேண்டாம்: அழுத்திய கணம் ஃபிரேமின் எந்தப் பகுதியில் விழுந்தது என்பதைப் பொறுத்தே ஒவ்வோர் எண்ணும் ஒரு ஃபிரேம் வரை மாறும். இருபதின் சராசரியே நம்பத் தகுந்தது. குதிக்கும் முன் உடலைத் தாழ்த்தும் பாத்திரங்கள் உண்டு. தாழத் தொடங்கும் படத்தை எண்ணுங்கள், தரையை விட்டு எழும் படத்தை அல்ல.

அளவை ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி நான்கு முறை எடுங்கள். முதலில் டிவியின் வழக்கமான படமுறையில், பிறகு படச் செயலாக்கத்தைக் குறைக்கும் கேம் மோடில். அதன்பின் கேம் மோடை அப்படியே வைத்து, ஆட்டத்தின் தர முறையிலும் (படத்துக்கு முன்னுரிமை) செயல்திறன் முறையிலும் (ஃபிரேம் வேகத்துக்கு முன்னுரிமை). முதலில் தொடங்கியது தர முறையாக இருந்தால் மூன்றாவது அளவு இரண்டாவதோடு ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் எண்ணுவதில் எங்கோ பிசகு. 120 ஹெர்ட்ஸ் டிவியும் 40 ஃபிரேம் முறையும் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்: ஒரு ஃபிரேம் 25 மில்லிவிநாடி, 30க்கும் 60க்கும் நேரத்தில் சரியாக நடுவே. கடைசியாகக் கன்ட்ரோலரை ஒயரில் இணைத்து ஒருமுறை. சில கன்ட்ரோலர்கள் ஒயர் செருகியிருந்தாலும் சார்ஜ் மட்டும் ஏற்றிக்கொண்டு வயர்லெஸ்ஸிலேயே பேசும், அமைப்புகளில் அதை மாற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

முதல் இரண்டு அளவுகளின் வேறுபாடு டிவியின் பங்கு. தர முறைக்கும் செயல்திறன் முறைக்கும் இடையே உள்ளது கிராபிக்ஸ் வலிமையின் பங்கு. ஒயரால் குறைந்தது கன்ட்ரோலர் இணைப்பின் பங்கு. பெரும்பாலும் அது மூன்றிலும் சிறியதாக, சில மில்லிவிநாடிக்குள் நிற்கும்.